சன் வைசரின் வயிற்றுக்குள்ளே: புதுப்பேட்டைப் பின்கட்டில் ஒரு பகல்

குனிந்து வாருங்கள், தலையில் இடிக்கும். மேலே கயிற்றில் தொங்குபவை கார் கதவுகளின் உள்பக்க அட்டைகள். இடது பக்கச் சுவரில் சாய்ந்து நிற்பவை பம்பர்கள். காலடியில் கிடக்கும் ஒயர்ச் சுருளைப் பார்த்துத் தாண்டுங்கள். இன்னும் பத்தடிதான். அதோ, தையல் மெஷின் சத்தம் கேட்கிறதா? அங்கேதான் போகிறோம்.

இது சென்னைப் புதுப்பேட்டை. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கூவத்தை ஒட்டி, ஓடி முடித்த வண்டிகளைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் பேட்டை. ஆதித்தனார் சாலை வழியாகப் போகிற எல்லோருக்கும் இதன் முன்பக்கம் தெரியும். கடைகளுக்குப் பின்னால் ஒரு பின்கட்டு இருப்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும். அதற்குள் என்னை விட்டுவிட்டார்கள்! உங்களையும் கூட்டிக்கொண்டு வராமல் இருப்பேனா?

வந்த காரியம் ரொம்பச் சின்னது. எங்கள் காரில் டிரைவர் பக்கத்து சன் வைசர் தொங்கிப்போய்விட்டது. மேலே தள்ளினால் நிற்கும். அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் தொப்பென்று மூக்குக்கு நேரே வந்து விழும். பழைய வண்டியில் கழற்றிய வைசர் ஒன்று கிடைத்தால் வாங்கிவிடலாம் என்றுதான் முன்கடையில் கேட்டேன். கடைக்கார பாய் நான் கொண்டுபோனதை வாங்கினார், காதோரம் வைத்து ஆட்டினார், கம்பியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார்.

"இதுக்கு எதுக்கும்மா வேற? உள்ள கிளிப்பு சோம்பேறி ஆயிடுச்சு, அவ்ளோதான். பின்னாடி மாஸ்டர் இருக்காரு, காட்டுவாரு. நீயே போட்டுக்கலாம்."

விற்க உட்கார்ந்திருப்பவர் விற்காமல் திருப்பி அனுப்புகிறார்! அந்த நொடியே எனக்கு இந்தப் பேட்டை பிடித்துப்போனது.

பின்கட்டு என்பது ஒரே அறை. ஒரு மின்விசிறி, அதுவும் மாஸ்டர் பக்கமே திரும்பி நிற்கிறது. அது அவருடைய வயசுக்குத் தரும் மரியாதையாம். மூலையில் ரூஃப் லைனிங் துணிச் சுருள்கள், அதன்மேல் சாப்பாட்டு டப்பாக்கள், அதன்மேல் யாரோ மடித்து வைத்த சட்டை. சொல்யூஷன் வாடை மூக்கைத் துளைக்கிறது. ரேடியோவில் பழைய பாட்டு ஓடுகிறது. இங்கே சீட் கவர் தைப்பார்கள், வண்டியின் மேல்கூரைத் துணி தொங்கினால் ஒட்டுவார்கள், கதவு அட்டைக்குப் புது ரெக்சின் போடுவார்கள். வைசர் என்பது இந்த வேலைகளுக்கு நடுவே டீ குடிக்கிற நேரத்தில் செய்கிற சில்லறை வேலை.

மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கண்ணாடியின் ஒரு காதுக்கால் உடைந்து, அந்த இடத்தில் சீட் தைக்கிற நைலான் நூலைச் சுற்றியிருக்கிறார். அவருக்கு உதவியாக இரண்டு இளைஞர்கள். ஒருவரை 'டாக்டர்' என்று கூப்பிடுகிறார்கள். ஏனென்று கேட்டதும் அறையே சிரித்தது. பிளேடு எடுத்தால் அவர் கையுறை போடாமல் வேலை செய்யமாட்டாராம். "அவன் வெட்டிக்கிட்டதை நீங்க பாத்திருந்தா நீங்களும் போடுவீங்கக்கா" என்றார் மற்றவர். டாக்டர் ஒன்றும் பேசாமல் கட்டை விரலிலிருந்த தழும்பைக் காட்டினார்.

சுவர் முழுக்க வைசர்கள். சாம்பல் நிறம், பழுப்பு, கறுப்பு, வெயிலில் வெந்து மஞ்சளாகிப்போன வெள்ளை. ஓரத்தில் ஆணியில் ரெக்சின் போட்ட தட்டையான பலகை ஒன்று தொங்குகிறது. அம்பாசிடர் வண்டியோடதாம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. மாஸ்டர் இதை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டார். "கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேஜைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதைத் திறந்து காட்டினாரே, அங்கேதான் எனக்குத் தலைகால் புரியவில்லை! வைசருக்குப் பின்னால் செருகி மக்கள் மறந்துபோனதெல்லாம் அதில் இருக்கிறது. பெட்ரோல் பங்க் பில்கள். விபூதிப் பொட்டலம். மருந்துச் சீட்டு. பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. பிரீமியம் கட்டிய ரசீது. சுங்கச்சாவடிச் சீட்டுகள் கத்தை கத்தையாக. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்தச் சீட்டு வருவது குறைந்துபோனது என்கிறார் டாக்டர். டப்பாவின் அடியில் தனியாக ஒரு கவர். அதற்குள் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். "பேப்பரைக் கடாசிடுவேன். மொகத்தைக் கடாச மனசு வராது" என்றார் மாஸ்டர்.

வைசர் தொங்குவதற்கு முதல் காரணமே அந்த டப்பாவில்தான் இருக்கிறது. ரப்பர் பேண்டு போட்டு ஆர்.சி. புத்தகத்திலிருந்து கூலிங் கிளாஸ் வரை அதில் மாட்டிவைக்கிறோம். அந்தப் பாரத்தை இரவு பகலாகத் தாங்குவது உள்ளே இருக்கும் ஒரு துண்டுத் தகடு. இரண்டாவது காரணம் வெயில். சித்திரை மாதத்தில் நிழலில்லாத இடத்தில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வைசரும் சேர்ந்து வேகிறது. பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகிறது. மூன்றாவது, நம் கை. நடுவிலிருக்கும் கொக்கியிலிருந்து விடுவிக்காமலேயே பக்கவாட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்புகிறவர்கள் ஏராளமாம். "மூலையைப் புடிச்சு வெடுக்குன்னு இழுப்பாங்க பாரு, அங்க ஆரம்பிக்கும் சனி" என்றார் மாஸ்டர்.

சரி, ஆபரேஷன் ஆரம்பம். என் வைசரை மேஜையில் மல்லாக்கப் போட்டார்கள். டாக்டர் கையுறை மாட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். கம்பி உள்ளே நுழைகிற மூலையில் துணியின் தையல் ஓரத்தைப் பிளேடு முனையால் நான்கு விரல்கிடை மட்டும் பிரித்தார். முழுசாகப் பிரிக்கவே கூடாதாம். எந்தக் காரியத்துக்குக் கதவைத் திறக்கிறோமோ அந்தக் கதவு மட்டும் போதும் என்கிறார்.

துணியை விலக்கினால் மெத்தென்று ஃபோம். அதற்குக் கீழே அழுத்திச் செய்த உடம்பு. என்னுடையதில் அது கெட்டியான நுரைப் பலகை. சிலவற்றில் அட்டை, சிலவற்றில் இரண்டு பிளாஸ்டிக் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மூலையில் 'ட' மாதிரி வளைந்த கம்பி நுழைகிறது. அந்தக் கம்பியைக் கவ்விக்கொண்டு, பெண்கள் முடியில் குத்தும் கிளிப்பைவிடச் சற்றே பெரிதாக, வளைந்த ஒரு ஸ்பிரிங் தகடு.

அவ்வளவுதான்! இத்தனை வருஷம் என் கண்ணுக்கு மேலே இருந்த ரகசியம் இவ்வளவுதான்!

"கம்பியைத் தடவிப் பாரு" என்றார் மாஸ்டர். தடவினேன். உருண்டையான கம்பியில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. வைசரை மேலே தள்ளும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? கிளிப் அந்தத் தட்டை இடத்தில் போய் உட்காருகிற சத்தம். தட்டையில் உட்கார்ந்தால் வைசர் மேலேயே நிற்கும். நாம் கீழே இழுத்ததும் உருண்டைப் பகுதிக்கு ஏறும், பிடிமானத்திலேயே இஷ்டப்பட்ட கோணத்தில் நிற்கும். கிளிப் வாயைப் பிளந்துவிட்டால் 'டக்' போய்விடும், கூடவே பிடிமானமும். என் வைசரில் 'டக்' எப்போது நின்றுபோனது என்று நான் கவனித்ததே இல்லை. இனிமேல் ஏறுகிற ஒவ்வொரு காரிலும் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுப்பேன்.

நோஸ் பிளேயரை என் கையில் கொடுத்துவிட்டு மாஸ்டர் டீக்கிளாஸை எடுத்துக்கொண்டார். கிளிப்பை மெதுவாக உருவி வெளியே எடுத்தேன். கையில் கறுப்பாகப் பழைய கிரீஸ். இரண்டு உதடுகளையும் பிளேயரால் நெருக்க வேண்டும். நான் பல்லைக் கடித்ததைப் பார்த்துவிட்டார்.

"ஒரே அமுக்குல வீரம் காட்டாதே. கொஞ்சம் அமுக்கு, மாட்டிப் பாரு. பத்தலையா, மறுபடி அமுக்கு. ஸ்பிரிங் தகடு ஒரு தடவைதான் மன்னிக்கும்."

அமுக்கினேன், மாட்டினேன், சுற்றினேன். பத்தவில்லை. மறுபடி உருவினேன். நெற்றி வியர்வை கண்ணில் இறங்குகிறது, விசிறியோ அந்தப் பக்கம் பார்க்கிறது. டாக்டர் எழுந்துபோய் அதை என் பக்கம் திருப்பினார். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை! மறுபடி மாட்டிச் சுற்றினேன். டக்! அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ரேடியோவையும் மீறிக் கேட்டது.

தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்களும் உண்டாம். தயவுசெய்து விடாதீர்கள். கீச்சென்று சத்தம் போடும் கதவுக்குத்தான் எண்ணெய் வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது இறுக்கம். எண்ணெய் இருக்கிற பிடியையும் வழுக்கிவிடும், துணியிலும் கறை ஊறும்.

கிளிப் ரொம்பத் தளர்ந்து, நெருக்கினாலும் நிற்காவிட்டால் வேறு வழி இருக்கிறது. எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒயர் இணைப்புக்கு மேலே போடும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கிடைக்கும். கம்பியின் மேல் ஒரு துண்டை நுழைத்து, வீட்டில் முடி உலர்த்தும் டிரையரின் சூட்டைக் காட்டினால் சுருங்கிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். கம்பி ஒரு மயிரிழை தடித்துவிடுகிறது, கிளிப்புக்குப் பிடிக்கக் கொஞ்சம் சதை கிடைக்கிறது. டிரையர் சூடு போதவில்லையென்றால் ஊதுபத்தியோ லைட்டரோ தேடாதீர்கள், பக்கத்தில் ஃபோம் இருக்கிறது. ஸ்லீவ் போட்டால் 'டக்' சத்தம் கொஞ்சம் மந்தமாகும், பிடி மந்தமாகாது.

கம்பியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கே விரிந்திருந்தால் எம்-சீல் பிசைந்து அடைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஆடாமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டு மாட்டிவிட்டு மறுநாளே திரும்பி வருகிறவர்களை மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும். திறக்கவே முடியாதபடி ஒட்டிய பிளாஸ்டிக் ஓடு என்றால்? டாக்டர் சிரித்துக்கொண்டே கறுப்பு வெல்க்ரோ சுருளைக் காட்டினார். வைசரின் ஓரத்தில் ஒரு துண்டு, அதற்கு நேரே கூரையில் ஒரு துண்டு. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் விழாது. பிரிக்கும்போது மட்டும் பைய இழுக்க வேண்டும், கூரைத் துணி கூடவே வந்துவிடும்.

இப்போது மூடும் வேலை. வளைந்த ஊசி, வைசர் நிறத்துக்கே நூல். மாஸ்டர் பிடித்துக் காட்டிய நான்கு தையல் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. என்னுடையதைத் தேடவே வேண்டாம், பளிச்சென்று தெரிகிறது. பரவாயில்லை, என் தையல்! தைக்க வராதவர்கள் ஓரத்தில் மெல்லிசாக ஃபெவிபாண்ட் தடவி, கொஞ்சம் காயவிட்டு ஒட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாகக் குத்திவைத்தால் போதும் என்கிறார் மாஸ்டர்.

அடுத்து, வெளியே வெயிலில் நிற்கும் வண்டிக்குப் போகிறோம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடிக்கிறது. டாக்டர் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, கழுத்தை ஒடித்து மேலே பார்த்தபடி உட்கார்ந்தார். ஸ்க்ரூ வாயில், ஸ்க்ரூட்ரைவர் காதோரம். முதல் மூன்று சுற்று விரலால்தான். அப்போதுதான் மரை மாறாமல் ஏறும். சில வண்டிகளில் சாதா ஸ்டார் ஸ்க்ரூ, சிலவற்றில் ஆறு முனை உள்ள டார்க்ஸ். அதற்கென்று தனி பிட் வேண்டும், வேறெதையாவது திணித்தால் தலை வழுக்கிவிடும். சில வைசர்களுக்கு இந்த இடத்திலேயே வைத்தியம் முடிந்துவிடுமாம். உள்ளே கிளிப் நன்றாக இருக்கும், கூரையில் பிடித்திருக்கும் ஸ்க்ரூதான் ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே துணியில் கைவைக்கும் முன் ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள்.

வைசர் கண்ணாடியில் விளக்கு உள்ள வண்டியென்றால் கம்பி வழியாக ஒயர் போகும். அந்த மாதிரி வண்டி வந்தால் மாஸ்டர் முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்வார், மாட்டும்போது ஒயர் எந்தப் பக்கம் கிடக்கிறதென்று இரண்டு பேரை விட்டுப் பார்க்கச் சொல்வார். 2014-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகள் சுமார் 8,95,000-ஐ இதே விளக்கு ஒயருக்காகத் திரும்ப அழைத்தது. பழுது பார்த்துத் திரும்ப மாட்டும்போது ஒயர் சேதப்பட்டு, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம். இந்தக் கதையை நான் சொன்னதும் மாஸ்டர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினியா? அமெரிக்காக்காரனே சொல்லிட்டான்."

இன்னொன்றும் கவனியுங்கள். பக்கவாட்டுக் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கதவுக்கு மேலே கூரை ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது. அந்தப் பக்கம் புதுத் துளை போடுவது, ஸ்க்ரூ ஏற்றுவது எதுவும் கூடாது. இருந்த துளையில் இருந்த ஸ்க்ரூதான் போக வேண்டும். நம் நாட்டில் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். புதிய மாடல்களில் பக்கத்து சீட்டுக்கும் 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம். பயணி பக்கத்து வைசரில் குழந்தை சீட்டைப் பின்பக்கம் பார்த்து வைக்காதே என்று எச்சரிக்கும் ஸ்டிக்கர் இருக்கும். அழகுக்காகப் புது ரெக்சின் போட்டு அதை மறைத்துவிடாதீர்கள்.

வைசரை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் மாலை ஐந்தரைக்குச் சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓட்டிப் பார்க்கட்டும். சூரியன் நேரே கண்ணுக்குள் இறங்கும். மார்ச் 20, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டி அது சரியாக மேற்கே மறைவதால் அந்த நாட்களில் சாலையே வெள்ளையாகத் தெரியும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்த பிறகு வைசர் ரிப்பேர் வேலை கூடியதாக மாஸ்டர் உறுதியாகச் சொல்கிறார். முன்கண்ணாடி 70 சதவீதம், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. உள்ளே வந்த வெளிச்சத்தை ஓட்டுகிறவர் கண்ணிலிருந்து மறைக்க அந்தச் சின்னப் பலகைதான் இருக்கிறது.

கடைசியாகச் சோதனை ஓட்டம்! நான் ஓட்டினேன், மாஸ்டர் பக்கத்தில், பின்சீட்டில் இரண்டு இளைஞர்களும். ஏ.சி. குளிர்வதற்குள் நான்கு பேருக்கும் சட்டை நனைந்துவிட்டது. முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தபோது வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. வைசர் அசையவே இல்லை. பின்சீட்டில் கைதட்டல்! மாஸ்டர் மட்டும் திருப்திப்படாமல் குண்டும் குழியுமான ஒரு சந்துக்குள் திருப்பச் சொன்னார். அங்கேயும் நின்றது. கீழே இழுத்துப் பாதியில் விட்டார், பாதியிலேயே நின்றது. பக்கவாட்டில் திருப்பினார், திரும்பிய இடத்தில் நின்றது.

"போதும், டீ வாங்கிக் குடு" என்றார். கூலி என்று அவர் கேட்டது அது ஒன்றுதான். நான் கொடுத்த பணத்தில் ஊசிக்கும் நூலுக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை டாக்டர் கையில் திணித்தார்.

உங்கள் வண்டியிலும் வைசர் தொங்குகிறதென்றால் புதிது வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், அதைக் கழற்றி மேஜையில் போடுங்கள். செருகியிருக்கும் காகிதங்களை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்க்ரூட்ரைவர், ஒரு நோஸ் பிளேயர், ஊசி நூல் போதும். உடம்பே இரண்டாகப் பிளந்திருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். மற்றபடி, நீங்களே சரிசெய்துவிடலாம்.